சுபேதார் அண்ணாவுக்கு

அண்ணா,

இன்று ஜூலை 10, 1806 வேலூர் சிப்பாய்க் கிளர்ச்சி நடந்த நாள். வேலூர் மக்கான் சந்திப்பு நினைவுத்தூணுக்கு மாலை போட்டிருப்பார்கள். நான் போர் நையாண்டி நாவல் ஒன்றை வாசித்த அந்தக் கூட்டத்திலிருந்து நீங்கள் எழுந்து போனதற்கு இன்றாவது பதில் எழுதிவிடுகிறேன். நாலு பேர் படிக்கும் இடம், வாய்ச்சண்டையை விட்டுவிடுவோம்.

அமெரிக்க எழுத்தாளர் ஜோசப் ஹெல்லரின் 'கேட்ச்-22' தான் அந்த நாவல். அதில் டாக்டர் டனீகா விமானத்தில் ஏறவே இல்லை. பறப்பதற்குத் தரும் படிப்பணத்துக்காகப் பயணப் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது. விமானம் நொறுங்கியதும் பதிவேட்டின்படி அவர் செத்துப்போனார். ஆளோ எதிரிலேயே நிற்கிறார். முதலில் சிரித்தவர் நீங்கள்தான். நவம்பரில் பென்ஷனுக்காக உயிர்வாழ் சான்று கொடுக்கிறவருக்கு அது புரியாதா? கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அடுத்து, மனைவிக்குப் போகும் கடிதம். கணவரோ, மகனோ, தந்தையோ, சகோதரரோ இறந்தார், காயமடைந்தார் அல்லது காணவில்லை என்று எல்லாருக்கும் ஒரே படிவம். துண்டை உதறித் தோளில் போட்டீர்கள். "செத்தவன் வீட்டுக்கு வர்ற தபாலு உங்களுக்குச் சிரிப்பா?"

பட்டாளத்துக்காரர்கள் நிறைந்த கம்மவான்பேட்டையில் அப்படி ஒரு தபால் எந்த வீட்டுக்கு வந்தது என்று தெரியும். இங்கே எழுதமாட்டேன். உங்கள் மனம் நொந்ததற்கு மன்னியுங்கள். அந்தப் பக்கத்தை வாசித்ததற்கு மன்னிப்பு கேட்கமாட்டேன். அந்த நையாண்டியின் அடி, படிவத்தை அச்சடித்தவன் மேல்தான் விழுகிறது.

பட்டாளத்தைப் பற்றிப் பேச உங்களுக்கு மட்டும்தான் பாத்தியதையா? ஹெல்லர் இரண்டாம் உலகப் போரில் 60 முறை குண்டுவீச்சு விமானத்தில் போனவர். இன்னொரு அமெரிக்க எழுத்தாளர் வானகட், ஜெர்மனியின் டிரெஸ்டனில் போர்க்கைதி. செக் எழுத்தாளர் ஹாஷெக் முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் பிடிபட்டவர். துப்பாக்கிகள் பழசாகிவிட்டன, படிவம் பழசாகவில்லை. அதனால்தான் இன்றும் படிக்கிறோம்.

பாதியில் விட்ட உங்கள் கதையை எடுங்கள். உத்தரவை உத்தரவு நடையிலேயே எழுதுங்கள், கதைசொல்லி சிரிக்கக் கூடாது. ஹெல்லரின் கர்னல், பறக்க வேண்டிய கணக்கை 40, 45, 50 என்று 80 வரை ஏற்றுவார். எண் ஏற ஏறச் சிரிப்பு குறைய வேண்டும். பலரும் சறுக்குவது ஜவானைக் கோமாளியாக்குவதில்தான். ஹாஷெக்கின் நாவலில் வரும் சிப்பாய் ஷ்வெய்க் உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுவான், முட்டாள்தனம் அதிகாரி பக்கம் போய்விடும். நம் தொண்டைமானிடம் ஔவை செய்ததும் இதுதான். புறநானூறு 95, அதியமானுக்காக விட்ட மிரட்டல். ஆனால் வெளியே பார்த்தால் புகழ்ச்சி. உன் ஆயுதங்கள் பீலி சூடி, நெய் பூசி அரண்மனையில் இருக்கின்றன. அவனுடையவை குத்திக்குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. அவ்வளவுதான்.

கரு வேண்டுமானால் வேலூர் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. 1806-இல் சிப்பாய்களைக் கிளர்ச்சிக்குத் தள்ளிய உத்தரவு: புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடி மழிப்பு. அந்த உத்தரவை அப்படியே முதல் பத்தியாக வையுங்கள். கையெழுத்தில் அனுப்பினாலும் போதும், தட்டச்சு நான் பார்த்துக்கொள்கிறேன்.