கப்பன் பூங்கா விக்டோரியா சிலை: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரு கப்பன் பூங்காவில், குயின்ஸ் சர்க்கிள் பக்கம் நிற்கும் விக்டோரியா மகாராணி சிலையைச் சுத்தம் செய்யும் பணி முடிந்து, சாரமும் பிரித்தாகிவிட்டது. நேரில் போய்ப் பார்த்த சிலர், "அப்படியே பழைய மாதிரிதானே இருக்கு, பணமெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டார்கள். பழைய மாதிரி இருப்பதற்குத்தான் செலவே ஆனது.

சிலை பளிங்கு. செதுக்கியவர் தாமஸ் பிராக். லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனை எதிரே உள்ள விக்டோரியா நினைவுச் சின்னமும் அவர் வேலைதான். சிலை 11 அடி, அதைத் தாங்கும் கருங்கல் பீடம் 13 அடி. 1906 பிப்ரவரியில் திறந்து வைத்தவர் அன்றைய வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். மொத்தச் செலவான 25,500 ரூபாயில் 10,000 ரூபாயை மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் கொடுத்தார். வெள்ளைக்கார ராணிக்கு நாம் ஏன் பணம் அழ வேண்டும் என்று கேட்டவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

விலைப்புள்ளி கேட்டபோது, ஆசிட் ஊற்றிக் கழுவி, பாலிஷ் போட்டுப் புத்தம் புதிதாக்கித் தருகிறோம் என்று ஒருவர் மலிவாகக் கேட்டிருந்தார். குழுவில் பாதிப் பேருக்கு அதில் சபலம். ஆனால் பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டால் அழுக்கோடு கல்லும் கரைந்து நுரைத்துப் போகும். பளபளப்பு கொஞ்ச நாள் நிற்கும். அப்புறம் மேல்தோல் போன கல்லில் பாசியும் புகையும் முன்னைவிட வேகமாக ஏறும். மழுங்கிப்போன அங்கி மடிப்பை எந்தப் பணமும் திருப்பித் தராது. ஆகவே வேண்டாம் என்றோம்.

நடந்த வேலை இதுதான். முதலில் காய்ந்த பறவை எச்சத்தை மரச் சுரண்டியால் மெல்லப் பெயர்த்து, மென்மையான பிரஷ்ஷும் தண்ணீருமாக மேலிருந்து கீழே கழுவினார்கள். செங்கோல் பிடித்த கையின் அடிப்பக்கம் மழை படாத இடம். அங்கே வாகனப் புகை கருப்புப் பொருக்காக உறைந்திருந்தது. அதற்கு, தலைவலிக்கு நெற்றியில் பற்றுப் போடுவது போல, காகிதக் கூழும் களிமண்ணும் குழைத்து அப்பி, காயவிட்டு எடுத்தார்கள். கறை பெரும்பாலும் அதில் ஏறி வந்துவிட்டது. முழுக்கப் போகாத இடங்களில் மேற்கொண்டு தேய்க்க வேண்டாம் என்று நாங்களே நிறுத்தச் சொன்னோம். கீழிருந்து பார்த்தால் தெரியும் அந்த நிழல் அலட்சியம் அல்ல.

பீடத்தின் இணைப்புகளில் எப்போதோ யாரோ சிமென்ட் அடைத்திருந்தார்கள். அதைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புக் கலவை பூசியிருக்கிறோம். ஈரம் கல் வழியாக வராமல் சுண்ணாம்பு வழியாக வெளியேறும். நாளடைவில் கெட்டுப்போவதும் கலவைதான், கல் அல்ல. மறுபடி பூசிக்கொள்ளலாம்.

வரவு செலவு தணிக்கை முடிந்தது, தாள் தனியாக வரும். குடமுழுக்கு எப்போது என்று குழுவில் கிண்டல் செய்த நண்பர்களுக்கு: விழா எதுவும் கிடையாது, அந்தப் பணத்தில் ஆண்டுக்கொரு முறை தண்ணீர்க் கழுவல் நடக்கும். தோட்டக்கலைத் துறையின் அனுமதி ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்க வேண்டும். அதற்கு அலைய இரண்டு பேர் தேவை. பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் சொல்லவும். அப்புறம், பீடத்தடியில் புறாவுக்குத் தானியம் போடுவது நம் உறுப்பினர்களும்தான். தயவுசெய்து நிறுத்துங்கள்.