இலையுதிர் காலத்தில் ஊன்றும் வெங்காயம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் உள்ளாட்சி மன்றங்களிடம் அலாட்மென்ட் எனப்படும் சிறு தோட்ட நிலத்தை வாடகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பலவும், அவரையும் பூசணியும் ஓய்ந்த பிறகு நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு மார்ச் வரை அந்தப் பக்கம் போவதில்லை. அந்த இடைவெளியில் வெங்காயம் போடலாம் என்பதையும், கடையில் சமையலுக்கு வாங்கிய வெங்காயத்தை ஊன்றுவது அதற்கு வழியாகாது என்பதையும் தங்கள் நாளிதழ் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வெங்காயம் குமிழ் கட்டுவதைப் பெரிதும் முடிவு செய்வது பகல் நீளம். தமிழ்நாட்டு ரகங்கள் 12 மணி நேரத்தை ஒட்டிய பகலிலேயே குமிழ் கட்டிவிடும். இங்கே வசந்தத்தில் நடும் ரகங்களுக்கு அதைவிட நீண்ட பகல் வேண்டும். இலையுதிர் காலத்தில் நடுவதற்கென்றே விற்கப்படும் சென்ஷு, ராடார் போன்ற ரகங்கள் பனியைத் தாங்கித் தாளோடு நின்று, பகல் நீளத் தொடங்கியதும் விரைந்து திரண்டு, ஜூன், ஜூலையில் அறுவடைக்கு வந்துவிடும். வெங்காயம் ஈராண்டுப் பயிர் என்பதால், ஏற்கெனவே முற்றிய பெரிய வெங்காயத்தை நட்டால் குளிர் கழிந்ததும் அது பூந்தண்டைத்தான் விடும். வெப்ப நாட்டில் விளைந்த சின்ன வெங்காயமோ இந்தக் குளிரைக் கடக்கும் என்று நம்புவதற்கில்லை.

செப்டம்பர் முதல் நவம்பர் தொடக்கம் வரை, நடுவதற்கென்றே கடையில் விற்கும் சிறு வெங்காயக் குமிழ்களான விதைக்குமிழ்களை 10 செ.மீ. இடைவெளியில், வரிசைக்கு வரிசை 30 செ.மீ. விட்டு, நுனி மட்டும் தெரியும்படி ஊன்றினால் போதும். வேர் பிடிக்கும்வரை பறவைகள் பிடுங்கிப் போடாதபடி வலை போட வேண்டும். குளிரைவிடத் தேங்கும் நீரே குமிழைக் கெடுப்பதால், லண்டன் களிமண்ணில் பாத்தியை உயர்த்திக்கொள்வது நல்லது. தழைச்சத்தை நடும்போதே கொடுத்தால் தாள் கொழுத்துப் பனிக்கும் நோய்க்கும் இரையாகும். பிப்ரவரி கடைசியில் கொடுக்கலாம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வெங்காயத்தையும் பூண்டையும் தாக்கும் வெள்ளை அழுகல் நோய். அதன் பூஞ்சை வித்துகள் 15 ஆண்டுகளுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கக்கூடியவை; வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு அதற்கு மருந்தும் கிடையாது. பூட்ஸில் ஒட்டிய மண்ணாலும், மண்வெட்டியாலும், உறவினர் தோட்டத்திலிருந்து அன்போடு கொண்டுவரும் பூண்டாலும் அது பரவும். வேலியில்லாமல் அடுத்தடுத்து நிலம் கிடக்கும் அலாட்மென்டில் விதைக்குமிழ்களைக் கைமாற்றிக்கொள்ளும் நம் பழக்கத்தை, பிறர் மனம் வருந்தினாலும், விட்டுவிடத்தான் வேண்டும்.

குளிர்காலத்தில் நிற்கும் வெங்காயம், தாளைத் தாக்கும் அடிச்சாம்பல் நோயை அடுத்தவரின் வசந்தப் பயிருக்குக் கடத்திவிடும் என்று அனுபவமுள்ள தோட்டக்காரர்கள் சிலர் இதைத் தவிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயமே; முந்தைய கோடையில் அந்நோய் கண்ட இடத்தில் அவ்வாண்டு இதைப் போடாமலிருப்பதே முறை.

இந்த வெங்காயம் நெடுநாள் இருப்புத் தாங்காது என்பது மெய்தான். ஆனால் குடும்பத் தேவைக்கான காய்கனிகளை முதன்மையாக விளைவிக்கும் நிலம் என்றே 1922ஆம் ஆண்டுச் சட்டம் அலாட்மென்டை வரையறுப்பதால், விளைந்ததை உடனுக்குடன் சாம்பாருக்கும் வதக்கலுக்கும் எடுத்துக்கொள்வதில் நட்டமொன்றுமில்லை.

விதைக்குமிழ்கள் கடைகளில் தீர்ந்துபோவதற்குள், செப்டம்பர் முதல் வாரத்திலேயே இது குறித்துத் தாங்கள் ஒரு கட்டுரை வெளியிட்டால் வாசகர்களுக்கு இவ்வாண்டே பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஹாரோ, லண்டன்