கிளை நூலக வாசகர் வட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான அறிக்கையைப் பேரவை முன் வைக்கிறேன். செயற்குழு 9 முறை கூடியது. கொடியேற்றம், வாசிப்புப் போட்டி, நூலக வார விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. நம் நேரத்தையும் காசையும் அதிகம் இழுத்துக்கொண்டது 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கான மாலைக் கணக்கு வகுப்புதான். அதனால் அதைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறேன்.

தொடங்கும்போது நம் நினைப்பு வேறு. வாய்ப்பாடு தெரியாததுதான் கோளாறு, அதை உருப்போட வைத்தால் போதும் என்று இருந்தோம். ஜூன் முழுக்க வாய்ப்பாடும் வகுத்தலுமாகப் போனது. பிள்ளைகளும் நன்றாகவே போட்டார்கள். வாக்கியக் கணக்கு வந்ததும் பென்சில் நின்றுவிடும். "சார், இது கூட்டலா கழித்தலா, அதை மட்டும் சொல்லுங்க."

ஒரு நாள் '5 பெட்டிகளில் தலா 12 பேனாக்கள் உள்ளன' என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "தலா யாரு சார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களைத் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தபோது அவர்களிலும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. 'ஆளுக்கு 12', 'பெட்டிக்கு 12' என்றால் உடனே புரிகிறது. வீதம், அடக்க விலை, குறித்த விலை எல்லாம் இந்த வகைதான். வீட்டில் யாரும் புழங்காத சொற்கள்.

இன்னொரு தொல்லை குறுக்குவழி. 'அதிகம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி. இதை நானும் ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஜூலையில் இந்தக் கணக்கைக் கொடுத்தோம்: 'மீனாவிடம் 48 முழம் மல்லிகை இருக்கிறது. இது ராணியிடம் இருப்பதைவிட 12 முழம் அதிகம். ராணியிடம் எவ்வளவு?' பெரும்பாலானவர்கள் 60 என்றார்கள். 36 என்று சொன்னவர்கள் பூக் கட்டும் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர்.

விடையே இல்லாத கணக்கு ஒன்றையும் போட்டுப் பார்த்தோம். 'ஒரு லாரியில் 26 ஆடு, 10 மாடு. டிரைவருக்கு வயது என்ன?' 36 என்று எழுதிய ஒரு சிறுமி, "லைசென்ஸ் எடுக்கிற வயசுதானே சார்" என்று நியாயமும் சொன்னாள். நம் பிள்ளைகள் மட்டும் இப்படி என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். 1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபில் நகரில் செம்மறி ஆட்டையும் வெள்ளாட்டையும் எண்ணிக் கப்பல் கேப்டனின் வயதைக் கேட்டிருக்கிறார்கள். 97 பிள்ளைகளில் 76 பேர் ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள்.

ஆகஸ்டிலிருந்து முறையை மாற்றினோம். முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடக் கூடாது. ஒருவர் கணக்கை வாசிப்பார், இன்னொருவர் தாளைப் பார்க்காமல் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதுபோல் அதைச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு படம். விடை சுமாராக எவ்வளவு வரும் என்று ஒரு ஊகம். அதற்குப் பிறகுதான் நோட்டு. ஒரு மாலையில் நான்கு கணக்குக்கு மேல் போகாது. "இருபது கணக்கு போட்ட இடத்தில் நான்கா?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். கேட்டது சரிதான். எங்களுக்கும் முதல் மாதம் பயமாகத்தான் இருந்தது.

விடியற்காலையில் பூப் பறிக்கப் போய்விட்டுப் பள்ளிக்கு வரும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். தசமம் என்றால் ஓடுவான். கிலோவுக்கு 60 ரூபாய் கூலி என்றால் இரண்டே முக்கால் கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்டோம். "மூணு கிலோன்னா 180, கால் கிலோவுக்குப் 15 போனா 165" என்று வாயாலேயே சொன்னான். 2.75 × 60 என்று எழுதிக் காட்டியபோது, இரண்டும் ஒன்றா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜனவரியில் வைகை அணைக்குச் சுற்றுலா. மொத்தம் 53 பேர், வேனுக்கு 12 பேர். 53-ஐ 12-ஆல் வகுத்து 4 வேன் போதும் என்று சொன்னது சாட்சாத் உங்கள் செயலாளர். மீதி 5 பேர் காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு தெருவில் நின்றார்கள். "மீதின்னா விட்டுட்டுப் போறதா சார்?" என்று ஒரு குட்டி கேட்டது. அவசரத்துக்குப் பிடித்த ஐந்தாவது வேனுக்கு வாடகை கூடுதலாகிவிட்டது. 1983-இல் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்த தேர்விலும் இதே கணக்கு உண்டு: 1128 வீரர்கள், பஸ்ஸுக்கு 36 பேர், எத்தனை பஸ்? வகுத்தலைச் சரியாகச் செய்தவர்கள் நூற்றுக்கு 70 பேர். 32 என்று சரியாக விடை சொன்னவர்கள் 23 பேர்தான். நான் அந்த மற்றவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

அணையில் பிள்ளைகளே கணக்கு உண்டாக்கினார்கள். முழுக் கொள்ளளவில் நீர்மட்டம் 71 அடி. தினமும் அரை அடி குறைந்தால் 60 அடிக்கு வர எத்தனை நாள்? 22 என்று ஒருவன் சொல்லி முடிப்பதற்குள், "தினமும் ஒரே மாதிரியா குறையும்?" என்று ஒருத்தி சண்டைக்கு வந்துவிட்டாள். இந்தச் சண்டைக்காகத்தான் வகுப்பு நடத்துகிறோம் என்று எனக்குப் பட்டது.

எட்டாம் வகுப்பினருக்கு என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்கான பயிற்சி மட்டும் போதும் என்று செயற்குழுவில் வாக்குவாதம் வந்தது. மாதம் 1000 ரூபாய், நான்கு ஆண்டு. 48,000 ரூபாய் நம் ஊரில் சின்னத் தொகை அல்ல. அதற்கு சனிக்கிழமையை ஒதுக்கினோம், மற்ற நாளில் ஆகஸ்டில் தொடங்கிய முறையே தொடர்ந்தது.

வரவு செலவு: தொடக்க இருப்பு ரூ. 3,140. சந்தாவும் நன்கொடையும் ரூ. 18,600. நோட்டு, ஜெராக்ஸ் ரூ. 6,450. சுண்டல், டீ ரூ. 7,200. ஐந்தாவது வேன் ரூ. 1,500. இருப்பு ரூ. 6,590. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டிப் பார்த்து, நான் முதலில் எழுதியிருந்த இருப்பில் 100 ரூபாய் பிழை கண்டுபிடித்தார்கள்.

வரும் ஆண்டுக்கு மூன்று தேவை. புதன், வெள்ளி மாலைகளில் வர இன்னும் இரண்டு பேர். பின்பக்க அறைக்கு ஒரு டியூப் லைட். நம் கடை, வயல், மார்க்கெட்டில் நடக்கும் கொடுக்கல் வாங்கலைக் கணக்காக எழுதித் தர உறுப்பினர்கள். இதற்குப் படிப்பு வேண்டாம், வியாபாரம் தெரிந்தால் போதும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்