மழைக்கு நிறுத்திய காரை எழுப்பும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேட்டை ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு 1989-இல் வெளியே வந்தவன் நான். இப்போது பாளையங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. அதற்குள் உங்கள் வாசகர்களிடம், முக்கியமாக வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் கார் வைத்திருப்பவர்களிடம், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மாதக்கணக்கில் நின்ற காருக்கு முதல் வேலை சாவியைத் திருப்புவது அல்ல. பானட்டைத் திறந்து பார்ப்பதுதான்.

போன தைப் பொங்கலுக்கு முந்தின நாள் கல்லிடைக்குறிச்சியில் இருந்து ஒரு அண்ணாச்சி கூப்பிட்டார். கனடாவில் வேலை பார்க்கும் மகன் வந்திருக்கிறார், கார் சத்தமே கொடுக்கவில்லை என்றார். அது சாதாரண கார் இல்லை. 1990களின் கடைசியில் கோவாவில் செய்த சான் ஸ்டார்ம். இரண்டே சீட், துணிக் கூரை, ஃபைபர் உடம்பு, ரெனோவின் 1149 சிசி இன்ஜின். நம் பக்கம் அதைப் பார்ப்பதே அபூர்வம். பழைய மாட்டுத் தொழுவில் சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. முந்தின சித்திரையில் மகன் வந்து ஓட்டிவிட்டு நிறுத்தியது.

‘சாவியைத் தொடாதீங்க அண்ணாச்சி, நான் வாரேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பானட்டைத் தூக்கியதும் எலி மூத்திர வாடை அடித்தது. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைக் கழற்றினேன். உள்ளே தேங்காய் நார், பானட்டின் உள்பக்கத்தில் இருந்து கடித்து எடுத்த பஞ்சு, பாதி கொறித்த புளியங்கொட்டை. நடுவில் கண் திறக்காத நாலு குஞ்சுகள், ரோஸ் நிறத்தில், என் சுண்டு விரல் நுனி அளவில். அண்ணாச்சி வீட்டு மதினி ஒரு சுளகைக் கொண்டு வந்து நாரோடு வாங்கிக்கொண்டு போய் வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பேட்டரி மட்டும் உயிரோடு இருந்திருந்தால் அந்த நாரையும் பஞ்சையும் இன்ஜின் உள்ளே இழுத்திருக்கலாம். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகிற வயரில் இரண்டு, செம்பு தெரியும்படி கடிபட்டிருந்தது. அந்த நிலையில் கரண்ட் பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. பக்கத்திலேயே வைக்கோல்.

பேட்டரி 11.4 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி என்றால் 12.6 இருக்க வேண்டும். அண்ணாச்சி ஆடி மாதம் வரை வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு அணைத்திருக்கிறார். ஆவணியில் பேட்டரி படுத்துவிட்டது. இந்த அஞ்சு நிமிஷ வைத்தியத்தை ஊரெல்லாம் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த நேரத்தில் பேட்டரிக்குப் பெரிதாகச் சார்ஜ் ஏறாது. இன்ஜின் சூடேறாததால் பெட்ரோல் எரியும்போது உள்ளே சேரும் தண்ணீர் ஆவியாகி வெளியேறாது, ஆயிலில் கலந்துவிடும். ஆயில் மூடியைக் கழற்றி அண்ணாச்சிக்குக் காட்டினேன். அடியில் மோர் ஆடை மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. சைலன்சரும் உள்ளிருந்தே துருப்பிடித்து, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. ஓட்டினால் அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள், இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

அப்புறம் பெட்ரோல். டேங்க்கில் பாதிதான் இருந்தது, மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் வைத்தேன். மேலே வைக்கோல் நிறம், அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கலங்கலாக வேறொன்று. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியில் இருந்துதான். டேங்க் நிறைய இருந்தால் ஈரக் காற்றுக்கு உள்ளே இடம் இருக்காது. எல்லாவற்றையும் இறக்கிக் கழுவினோம்.

பின் சக்கரம் இரண்டும் அசையவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், பிரேக் லைனிங், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மோடு ஒட்டிப்போயிருந்தது. மரச் சுத்தியலால் சுற்றித் தட்ட, ‘டக்’ என்று விட்டது. பிரேக் ஆயிலும் ஈரம் குடித்திருக்கும் என்று புதிதாக மாற்றினேன்.

மகன் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கனடாவில் அவருக்கு இன்னொரு இரண்டு சீட் கார் இருக்கிறதாம். அங்கே பனி உருகுவதற்காக ரோட்டில் உப்பைக் கொட்டுவதால் நவம்பரில் காரை உள்ளே வைத்து ஏப்ரலில்தான் எடுப்பாராம். வைக்கும் முன் ஆயில் மாற்றி, டேங்க்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்க மருந்து ஊற்றி, டயரில் காற்றுக் கூட்டி, பேட்டரிக்குச் சின்ன சார்ஜர் மாட்டி, எலி நுழையாமல் சைலன்சர் வாயில் இரும்பு நாரைத் திணித்து வைப்பாராம். ‘இங்கதான் குளிரே இல்லையே அண்ணாச்சி, என்ன ஆகப் போகுதுன்னு இருந்துட்டேன்’ என்றார். நமக்குக் குளிர் இல்லை, சரி. ஐப்பசி, கார்த்திகை ஈரம் போதாதா?

அன்று சாயங்காலம் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ராத்திரி ஊறவிட்டேன். பொங்கல் காலையில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இன்ஜினை இரண்டு சுற்றுச் சுற்றினேன். இழைந்து சுற்றியது. புது ஆயில், வேறு பேட்டரி. பெட்ரோல் வராமல் இருக்க பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, ஆயில் லைட் அணையும் வரை நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சும்மா சுற்றவிட்டோம். பிறகுதான் பிளக்கையும் ஃப்யூஸையும் போட்டு மகன் சாவியைத் திருப்பினார். இரண்டாவது திருப்பலில் பிடித்துக்கொண்டது. தெருவிலேயே நாலு தடவை பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு பாபநாசம் வரை போய் வந்தோம்.

திருநெல்வேலியில் 2023 டிசம்பர் 17, 18-இல் வந்த வெள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். ஜங்ஷன், கொக்கிரகுளம் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளை, வடிந்த மறுநாளே பதற்றத்தில் ஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப் போல அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கம்பியான கனெக்டிங் ராடுதான் வளையும். அப்படி வளைந்த ராடுகளை அந்த மாதம் நான் கையால் கழற்றினேன். தண்ணீர் ஏறிய வண்டியைக் கயிறு கட்டித்தான் இழுத்து வர வேண்டும்.

புரட்டாசிக்குள் இதைப் பற்றி உங்கள் இதழில் ஒரு பத்தி போட்டால் நல்லது. பிள்ளைகள் அங்கே செல்போனில் படித்துவிட்டு அப்பா அம்மாவிடம் சொல்வார்கள்.

கல்லிடைக்குறிச்சி மகன் தை கடைசியில் கிளம்பும் முன் தானே டேங்க்கை நிரப்பி, மூடிக்குப் புது ரப்பர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பேட்டரியைக் கழற்றி என்னிடம் கொண்டு வந்து கொடுத்தார். என் ஒர்க்‌ஷாப் பலகையில் ‘கல்லிடை’ என்று சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றுகிறேன். நேற்று பார்த்தபோது 12.6 இருந்தது.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்,
பாளையங்கோட்டை.