தண்ணீரிலிருந்து தப்பிக்க எத்தனை வழி

கெலுகோர், பினாங்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. மூட்டு வலி குறைந்து செந்தூல் கோயில் வரை நடந்து போய்வருகிறாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். மழை மட்டும் விட்டபாடில்லை. பெயிண்ட் அடித்தால் காய்வதற்குள் வெள்ளை பூத்துவிடுகிறது. அதனால் இரண்டு வாரமாக ஸ்பிரே வேலையைத் தொடாமல் மரவேலை மட்டும் செய்கிறேன்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஸ்பிட்ஃபயர், மஸ்டாங் என்று அழகான விமானங்கள் அத்தனை இருக்கும்போது, யாரும் கேள்விப்படாத விநோதமான கடல் விமானங்களாகத் தேடிப் பிடித்து ஏன் மாடல் கட்டுகிறாய் என்று கேட்டிருந்தாய். இதற்குப் பதில் என் அப்பாவிடமிருந்து தொடங்குகிறது.

அப்பா 1928-இல் பிறந்தவர். தாத்தாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. 1938-இல் பிரிட்டிஷ் விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸின் எம்பயர் பறக்கும் படகுகள் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனிலிருந்து கராச்சி, கல்கத்தா, ரங்கூன், பாங்காக் என்று தண்ணீரில் இறங்கி இறங்கி வந்து, நம் பினாங்கிலும் இறங்கி, பிறகு சிங்கப்பூர் போயின. பத்து வயதுப் பையனாக அப்பா அதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறார். முதலில் சத்தம் வந்ததாம். அப்புறம் கடலில் சுண்ணாம்புக் கோடு இழுத்த மாதிரி வெள்ளை நுரை. அவர் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: "நுரை இறக்கை வரைக்கும் எழும்புச்சுடா, ஆனா விசிறியத் தொடலை."

அந்த ஒரு வரியின் அர்த்தம் எனக்குப் புரிய நாற்பது வருஷமாயிற்று. கடல் விமானத்தின் தலையாய பிரச்சினையே அதுதான். ஓடும் வேகத்தில் தெறிக்கிற நீர் வெறும் நீராக இருப்பதில்லை. சுழலும் விசிறியின், அதாவது புரொப்பெல்லரின், விளிம்பை அது அரித்துவிடும், வளைத்தும்விடும். ஆகவே எஞ்சினை உயரத் தூக்க வேண்டும். அதற்கு எளிய வழி உடலை உயரமாகக் கட்டி இறக்கையை உச்சியில் வைப்பது. எம்பயர் படகுகள் செய்தது அதைத்தான். ஆனால் தண்ணீரை விட்டு எழுந்த மறுகணமே அந்த உயரமான வயிறு வெறும் சுமை. காற்றில் அதை இழுத்துக்கொண்டே ஆயிரக்கணக்கான மைல் போக வேண்டும்.

நீ விநோதம் என்கிறாயே, அவையெல்லாம் இந்த ஒரே சிக்கலுக்கு வெவ்வேறு ஆட்கள் எழுதிப் பார்த்த விடைகள். இத்தாலியின் சவோயா மார்கெட்டி எஸ்.55-ஐப் பார். இரண்டு படகு, நடுவில் தடித்த இறக்கை. விமானிகள் உட்காருவது அந்த இறக்கைக்குள்ளேயே. எஞ்சின்கள் இரண்டும் அதற்கு மேலே தாங்கிகளில், முதுகோடு முதுகு சேர்த்து. 1933-இல் இத்தாலிய விமானத்துறை அமைச்சர் பால்போ அதில் 25 விமானங்களோடு கிளம்பி, அட்லாண்டிக்கைத் தாண்டி 24-ஐச் சிகாகோ கொண்டுபோய்ச் சேர்த்தார். அதை எப்படி விநோதம் என்று ஒதுக்குவது? ஜெர்மனியின் பி.வி.138-இல் மூன்றாவது எஞ்சினை மட்டும் இறக்கைக்கு மேலே தூக்கி வைத்திருப்பார்கள். அவர்களே அதற்குப் பறக்கும் மரச்செருப்பு என்று பெயர் வைத்தார்கள்.

கடல் விமானங்களுக்கான வேகப் போட்டியான ஷ்னைடர் கோப்பைக்காக 1929-இல் செய்த பியாஜியோ பி.7-இல் மிதவையே கிடையாது. உடல் இறக்கை வரை தண்ணீரில் அமிழ்ந்து மிதக்கும். பின்னால் ஒரு கப்பல் விசிறி. அது தள்ள, அடியிலுள்ள சின்னச் சிறகுகள் தூக்க, மூக்கு மேலே வந்த பிறகுதான் முன் விசிறியைச் சுழலவிட வேண்டும். ஒரே எஞ்சின், இரண்டு விசிறி, நடுவில் கிளட்ச். அந்தக் கிளட்ச் ஒத்துழைக்காமல் கடைசி வரை பறக்கவே இல்லை.

ஜெட் வந்த பிறகும் தொல்லை தீரவில்லை. விசிறி போனது, ஆனால் காற்று உள்ளே போகும் வாய் தண்ணீரைக் குடித்தால் எஞ்சின் அவ்வளவுதான். அமெரிக்காவின் கான்வேர் சீ டார்ட் என்ற ஜெட் போர் விமானத்தில் அந்த வாய்களை முதுகுக்கு மேல் வைத்து, அடியில் பனிச்சறுக்குப் பலகை மாதிரி இரண்டு பலகைகள் பொருத்தினார்கள். 1953-இல் சான் டியாகோ விரிகுடாவில் முதலில் பறந்தது. பலகைகள் தண்ணீரில் கடகடவென்று அதிர்ந்து விமானிகளைப் படுத்தின. இருந்தும் 1954 ஆகஸ்டில் லேசாகக் கீழ்நோக்கிப் பாய்ந்து ஒலியின் வேகத்தைத் தாண்டியது. கடல் விமானங்களில் அதைச் செய்தது இன்றுவரை அது ஒன்றுதான். அந்த வருஷம் நவம்பரில் அதே சீ டார்ட் வானிலேயே உடைந்து, விமானி சார்லஸ் ரிச்பர்க் இறந்துபோனார். அந்த மாடலைக் கட்டி முடித்த அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது என் மேசையில் இருப்பது பிரிட்டனின் பிளாக்பர்ன் பி-20 பறக்கும் படகு. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த விடை இதுதான். உயரமான வயிறு தண்ணீரில்தானே வேண்டும், காற்றில் எதற்கு என்று கேட்டார் அதன் வடிவமைப்பாளர் ரென்னி. வயிற்றின் கீழ்ப்பகுதியைத் தனி மிதவையாக அறுத்துவிட்டார். இறங்கும்போது அது கீழே இறங்கும், பறக்கும்போது மேலேறி உடலோடு ஒட்டிக்கொள்ளும். மிதவை இறங்கி நிற்கும்போது இறக்கைக்கு எழும்பத் தேவையான சாய்வும் தானாகக் கிடைத்துவிடும். இறக்கை நுனி மிதவைகள்கூட வெளிப்பக்கமாக மடிந்து இறக்கையின் நுனியாகவே மாறிவிடும். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டி, 1940 மார்ச் 26 அன்று பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 7-ஆம் தேதி வேகச் சோதனையின்போது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) படபடத்து விமானம் கடலில் விழுந்தது. மூவர் இறந்தார்கள். கட்டியது அந்த ஒன்றே ஒன்று. மிதவை யோசனைமீது எந்தக் குற்றமும் இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

1/72 அளவில் செய்கிறேன். இறக்கை நுனிக்கு நுனி சுமார் 35 செ.மீ. வரும். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இழுக்க மர அச்சு வேண்டுமே, அதற்கு ஜெலுத்தோங் மரம்தான். மிருதுவானது, ரேகை குறுக்கே வராது, கத்தி வெண்ணெயில் போகிற மாதிரி போகும். அச்சைச் செதுக்கி, ஒரு மில்லிமீட்டர் தகட்டை அடுப்புச் சூட்டில் காட்டி, நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்ததும் ஒரே அழுத்து. முதல் தகடு மூக்கில் கிழிந்தது. இரண்டாவது நன்றாக வந்தது. ஆனால் மிதவையை உடலோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. புட்டி வைத்தேன், காய்ந்ததும் சுருங்கியது. மறுபடி வைத்தேன், மறுபடி தேய்த்தேன். நான்கு ராத்திரி போனது. என் மேசையில் இது ஒரு மில்லிமீட்டர். டம்பார்ட்டனில் அதே இடைவெளி ஏழு சென்டிமீட்டர், அதுவும் தண்ணீரில் அடிபட்டு, மேலும் கீழும் போய்வந்த பிறகும் பொருந்த வேண்டும். அந்தத் தொழிலாளிகள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று அந்த நான்கு ராத்திரியில்தான் தெரிந்தது. படத்தில் பார்த்திருந்தால் எனக்கு இது தெரிந்திருக்காது. இதற்காகத்தான் இவற்றைக் கட்டுகிறேன், நண்பா.

மிதவையின் அடியில் குறுக்கே ஒரு படி வெட்டியிருக்கிறது. பேத்தி அதைத் தொட்டுப் பார்த்து "உடைஞ்சிருக்கு தாத்தா" என்றாள். குழாயைத் திறந்து, ஒரு கரண்டியின் முதுகை ஓடும் தண்ணீரில் மெல்லத் தொட வைத்தேன். தள்ளிவிடும் என்று நினைத்தாள். கரண்டி தண்ணீருக்குள் இழுபட்டது. வளைவான எதையும் நீர் அப்படித்தான் கவ்வும். அந்தப் படி இருந்தால் அங்கே காற்று நுழைந்து பிடி விடும், விமானம் எழும்பும். அவள் அரை மணி நேரம் குழாயை மூட விடவில்லை.

உன் எமிலி, அந்த ஜப்பானியப் பறக்கும் படகு மாடல், எந்த அளவில் இருக்கிறது? மூக்கின் அடியில் நீளவாக்கில் ஓடும் பட்டிகளை உப்புத்தாள் போட்டு வழித்துவிடாதே. கவானிஷிக்காரர்கள் முதல் விமானத்தில் தண்ணீர் புரொப்பெல்லர் வரை தெறித்ததால் உடலை உயர்த்தி, தெறிப்பை அடக்கச் சேர்த்த பட்டிகள் அவை. என் அப்பா பார்த்த அதே நுரைதான் அங்கேயும்.

நான் ஆர்டர் செய்த பித்தளைக் குழாய் பார்சல் மூன்று மாதமாக வரவில்லை. இனி வரும் என்று தோன்றவும் இல்லை. மிதவை ஏறி இறங்க ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும் குழாய்கள் வேண்டும். 2 மில்லியும் 1.5 மில்லியும். கோலாலம்பூரில் கிடைத்தால் இரண்டிரண்டு வாங்கி வை. தைப்பூசத்துக்கு நீங்கள் இருவரும் வந்தே ஆக வேண்டும் என்று வீட்டில் சொல்லச் சொன்னாள். தண்ணீர்மலைக் கோயிலுக்குச் சேர்ந்தே நடப்போம். எமிலியையும் எடுத்து வா, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்