எந்தக் கேம்ப் என்று ஒரு தடவை கேளுங்கள்

அகதி மனு விசாரணைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக அமர்கின்ற அன்பர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டம் பந்தலூரிலிருந்து எழுதுகிறேன். தோட்டப் பகுதிப் பள்ளிகளில் 30 ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். என் தம்பி வெளிநாடு ஒன்றில் அகதிப் பாதுகாப்புக் கேட்டிருந்தான், மனு தள்ளுபடியாகிவிட்டது. முடிவுக் கடிதத்தை என் மகள் வரிவரியாகப் படித்துச் சொன்னாள். முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார், நம்ப முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். முரண் என்று அவர்கள் காட்டிய இடங்களைக் கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு பதைத்தது. அவன் சொன்னதெல்லாம் எனக்குப் புரிகிறது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் புரியும்.

எங்கள் குடும்பம் இலங்கை மலையகத்தின் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி அப்பா 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் வந்து, பிறகு இந்த மலையில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சித்தப்பாவின் விண்ணப்பத்துக்கு முடிவு வராததால் அவர் அங்கேயே நின்றுவிட்டார். 1977 கலவரத்தில் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, இழந்து வவுனியாவுக்குப் போனார். அவருடைய மகன்தான் நான் சொல்லும் தம்பி; அங்கே 1986இல் பிறந்தான். 1990இல் அவனைத் தூக்கிக்கொண்டு படகில் இராமேஸ்வரம் வந்தார்கள். அதன் பிறகு அவன் வளர்ந்தது தமிழ்நாட்டு அகதி முகாமில். அதைத்தான் நாங்கள் எல்லோரும் 'கேம்ப்' என்கிறோம். 2002இல் போர்நிறுத்தம் வந்ததை நம்பி, அடுத்த ஆண்டு வவுனியாவுக்குத் திரும்பினான். 2008இல் அவனைப் பிடித்துக்கொண்டு போய் 11 நாள் வைத்திருந்தார்கள். அந்த இடத்துக்கும் பெயர் 'கேம்ப்'தான். அங்கே அந்தச் சொல்லுக்குச் சிப்பாய்கள் இருக்கும் இடம் என்று பொருள். சித்தி நகையை விற்றுக் கொடுத்த பிறகே வெளியே விட்டார்கள்.

"கேம்பிலிருந்து பெயின்ட் வேலைக்குப் போவோம், தணிக்கை நாளில் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும்" என்று விசாரணையில் சொல்லியிருக்கிறான். அவன் சொன்னது அகதி முகாமை; தணிக்கை நாள் என்பது அங்கே ஆட்களைச் சரிபார்க்கும் நாள். ஆனால் இரண்டு கேம்பும் ஒரே சொல்லாக மறுகரை போய்ச் சேர்ந்திருக்கின்றன. தடுத்துவைக்கப்பட்டவர் எப்படி வேலைக்குப் போய்வந்தார் என்று அதிகாரி எழுதியிருக்கிறார். அவர் காதில் விழுந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயமான கேள்விதான்.

பிடித்துக்கொண்டு போனது எப்போது என்று கேட்டதற்கு, "2008 மார்கழி, பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது" என்றானாம். அது 'டிசம்பர் 2008' ஆகியிருக்கிறது. படிவத்தில் அவன் எழுதியதோ 2008 ஜனவரி. மார்கழி பாதி டிசம்பரிலும் பாதி ஜனவரியிலும் கிடப்பது உங்களுக்குத் தெரியாததா? பொங்கல் என்ற சொல்லையாவது விடாமல் சொல்லியிருந்தால் அந்த 11 நாளுக்கு 11 மாத இடைவெளி வந்திருக்காது.

உடன்பிறந்தவர் இல்லை என்று படிவத்தில் எழுதியவன், "நீலகிரி அண்ணன் வீட்டில் தங்கினேன், அக்காதான் பணம் தந்தது" என்றும் சொல்லியிருக்கிறான். அந்த அண்ணன் என் அண்ணன்; அந்த அக்கா நான். பெரியப்பா பிள்ளைகளை வேறு எப்படிக் கூப்பிடுவான்? சொந்த ஊரைக் கேட்டதற்குப் புசல்லாவை என்றதும் குறையாகிவிட்டது. அவன் ஒரு நாளும் அங்கே வாழ்ந்ததில்லை என்பது உண்மை. இங்கே பிறந்த என் மகளையும் கேளுங்கள், அவளும் புசல்லாவை என்றுதான் சொல்வாள்.

சேர்க்காதே, குறைக்காதே என்பது உங்கள் தொழிலின் கட்டுப்பாடு என்று அறிவேன். அதை மீறச் சொல்லவில்லை. "இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, எது என்று கேட்க அனுமதி வேண்டும்" என்று இரு பக்கமும் கேட்கும்படி சொல்லலாம் அல்லவா? உண்மையைத் தேடும் பொறுப்பு மனுதாரருக்கும் விசாரிப்பவருக்கும் பொதுவானது என்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கையேடே சொல்கிறது. அந்தப் பொறுப்பு உங்கள் வாய் வழியாகத்தான் போய்வர வேண்டியிருக்கிறது.

இந்தியாவில்தான் இருந்தாரே, திரும்பிப் போகட்டும் என்றும் ஒரு வரி அந்தக் கடிதத்தில் இருக்கிறது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. முகாமில் வளர்ந்தவனுக்கு இங்கே குடியுரிமை இல்லை. இதை வழக்கறிஞர் பேசிக்கொள்வார், உங்களிடம் கேட்க வேண்டியது அல்ல.

அவனுடைய மேல்முறையீடு அடுத்த மாதம் வருகிறது. உங்களில் யார் அவன் பக்கத்தில் அமரப்போகிறீர்களோ எனக்குத் தெரியாது. அவன் கொஞ்சம் வேகமாகப் பேசுவான். பயந்தால் இன்னும் வேகமாகப் பேசுவான். நிறுத்தி, எந்தக் கேம்ப் தம்பி என்று கேளுங்கள். சொல்வான்.

அன்புடன்,
அவனுடைய அக்கா,
பந்தலூர், நீலகிரி