தேடினால் கிடைக்காத கடைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘முப்பது நாளில் கூகுளில் முதலிடம்’ என்று உறுதி கொடுத்துச் சிறு கடைக்காரர்களிடம் பணம் வாங்குவது பெருகிவிட்டது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன், கடைக்காரர்கள் தாங்களே செலவில்லாமல் பார்த்துக்கொள்ளக் கூடியவை உண்டு.

முதலில், உங்கள் இணையதளம் கூகுளின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குக் கூகுள் தரும் ‘சர்ச் கன்சோல்’ என்ற கருவி இலவசம். தளம் உங்களுடையதுதான் என்று அதில் உறுதிசெய்தபின், ஒரு பக்கத்தின் முகவரியை மேலே உள்ள பெட்டியில் இட்டால், அது சேர்க்கப்பட்டதா, இல்லையென்றால் என்ன காரணம் என்று சொல்லிவிடும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளங்களில் ஒரு காரணம் அடிக்கடி தட்டுப்படும். ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ரீடிங்’ என்ற பக்கத்தில், தேடுபொறிகள் வரவேண்டாம் என்று தளம் கட்டும்போது போட்ட டிக்கை யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். அது இருக்கும்வரை மற்ற எந்தச் செலவும் வீண்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல் இன்னொன்று. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஏற்றிய பக்கங்கள் இன்றும் இருக்கின்றன. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது, தேடுபொறிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள்தான். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றாதவரை அந்தப் பக்கம் தமிழில் தேடுபவருக்குக் கிடைக்காது. மாற்றியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது வழக்கம். விலைப்பட்டியலையும் அறிவிப்பையும் படமாக ஏற்றுவதும் இதே கதைதான். படம் இருக்கட்டும், அதற்குக் கீழே எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள்.

அடுத்தது உள்ளடக்கம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்கும் கடையை எடுத்துக்கொள்வோம். எல்லாப் பக்கத்துக்கும் ‘முகப்பு’ என்றோ கடைப்பெயர் மட்டுமோ தலைப்பாக இருந்தால், எந்தப் பக்கம் எதற்கு என்று கூகுளுக்கும் தெரியாது, தேடுபவருக்கும் தெரியாது. ‘அன்னம் வைத்த ஐந்து முகக் குத்துவிளக்கு, 2 அடி, பித்தளை’ என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். உயரம், எடை, விலை, வெளியூருக்கு அனுப்பும் முறை, பாகங்களைக் கழற்றித் துலக்கும் விதம், காவிரி வண்டல் மண் அச்சில் வார்க்கும் முறை என்று கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்த விவரங்கள் எத்தனையோ. எழுத வேண்டியது அவற்றைத்தான். பொருளின் பெயரை ஆங்கில எழுத்திலும் ஓரிடத்தில் குறிப்பிடுங்கள்; அப்படித் தட்டித் தேடுவோர் ஏராளம். ‘மெட்டா கீவேர்ட்ஸ்’, அதாவது பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் தேடல் சொற்களை, நிரப்பித் தருவதாகச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

வேகமும் முக்கியம். பக்கத்தின் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 விநாடிக்குள் தெரியவேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். கைபேசியில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் இது நடக்காது. அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்து, படக்கோப்பைச் சிறிதாக்கும் ‘வெப்பி’ (WebP) வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபிக்குள் அடங்கிவிடும்.

தளத்தைப் புதுப்பிக்கும்போதுதான் பலர் இருந்த இடத்தையும் இழக்கிறார்கள். பக்க முகவரிகள் மாறினால், ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு ‘301 வழிமாற்றம்’, அதாவது பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லித் திருப்பிவிடும் ஏற்பாடு, செய்யவேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால், பழைய பக்கங்கள் இல்லாமல் போனதாகவே கூகுள் எடுத்துக்கொள்ளும். இந்த வழிமாற்றம் குறைந்தது ஓராண்டாவது இருக்கட்டும்.

பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு விலைக்கு வாங்கிய இணைப்புகளும், ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி நூற்றுக்கணக்கில் அடுக்கிய பக்கங்களும் தேடலை ஏமாற்றும் உத்திகளைத் தடுக்கும் கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு எதிரானவை. பயனின்றி மொத்தமாக உருவாக்கிக் குவிக்கும் பக்கங்களுக்கு எதிரான விதி 2024 மார்ச்சில் மேலும் இறுகியது. பிடிபட்டால் தளம் பின்னுக்குப் போகும், தேடலிலிருந்தே நீங்கவும் கூடும். வேலை செய்து கொடுத்தவருக்கு அதனால் நட்டமில்லை. நட்டம் முழுவதும் கடைக்காரருக்கே என்பதுதான் வேதனை.

நேர்மையாகச் செய்தாலும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். வெளியாளிடம் வேலையைக் கொடுப்பவர்கள், தளப்பெயரின் பதிவும் சர்ச் கன்சோலின் உரிமையாளர் கணக்கும் தங்கள் சொந்த மின்னஞ்சலிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். வேலை செய்பவருக்குப் பயனர் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்,
கும்பகோணம்.